வலது தோள் அளவு

டெய்லர் மாஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. போட்டுக்கொள்ளப் போகிற ஆளை மனதில் நிறுத்தாமல் அவரால் துணியில் கத்தரிக்கோலை வைக்க முடியாது. தலையணை உறை தைக்கக் கொடுத்தால்கூட, யார் தலை வைக்கப் போகிறார்கள் என்று கேட்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார். பொது அளவு என்று ஒன்று கிடையாது, அப்படி ஓர் உடம்பை நான் இதுவரை தொட்டதில்லை என்பார். ரெடிமேட் கடைக்காரர்கள் மேல் அவருக்கு இருந்த கோபமெல்லாம் இது ஒன்றுதான். மற்றபடி அவர்கள் நல்லவர்கள், நமக்கு வெறும் பேன்ட் கால் குட்டை பண்ணுகிற வேலையாவது அனுப்புகிறார்களே என்பார்.

அந்தக் குணம்தான் அந்த மழைக்காலத்தில் அவரைக் கவிழ்த்தது.

கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. வாசலை ஒட்டி மிஷின், சுவரை ஒட்டி வெட்டுமேசை, நடுவில் அளவு கொடுக்க வருகிறவர் நிற்க ஓர் ஆள் இடம். பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, பாத்திரம், பாய், மகளின் புத்தகங்கள். குழம்பு கொதித்தால் அளவு கொடுக்க வந்தவருக்குப் பசிக்கும். மிஷின் ஓடினால் உள்ளே டம்ளர்கள் நடுங்கும். மாஸ்டரின் மனைவி திரைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று உட்கார்ந்து காஜா எடுப்பாள், பட்டன் கட்டுவாள், நடுவில் எழுந்து போய்ச் சோறு வடிப்பாள்.

மகளை 'நூலு' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது அவ்வளவு மெலிவு. வளர்ந்த பிறகும் பெரிய மாற்றமில்லை. ஊசியில் கோக்கலாம் என்று பக்கத்து சைக்கிள் கடைக்காரர் கேலி செய்வார். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம் அவளுக்கு. சிறு வகுப்பிலிருந்தே மார்க்கில் முதலாவதாக வருகிறவள். முன்னறைச் சுவரில் அவள் வாங்கிய சான்றிதழ்கள் ஆணியில் தொங்கின. தைக்கக் கொடுத்த துணி ஏன் இன்னும் ஆகவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். படிப்பை முடித்துப் போகிறவர்களுக்கு விழா எடுத்து, அதில் இரண்டு பேரை மேடைக்குக் கூப்பிட்டு வெல்வெட் பட்டை போடுவார்கள். வலது தோளில் தொடங்கி மார்பில் குறுக்காக இறங்கி இடது இடுப்பில் முடியும் பட்டை. ஒன்று சாதனைக்கு. பள்ளிக்கூடமே நடத்தித் திருத்துகிற கடைசித் தேர்வில் முதலாவதாக வந்தவருக்கு. இன்னொன்று நற்பண்புக்கு. யார் யார் என்பதை மேடையில்தான் சொல்வார்கள். பட்டைகள் அவர்களுக்கே சொந்தம், வீட்டுக்குக் கொண்டு போகலாம்.

இரண்டையும் தைக்கிற வேலை மாஸ்டருக்கு வந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட்டை ஒரு துண்டாகச் சுருட்டிப் பள்ளி ஆயாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டும் பொது அளவில், நேராக, ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லி விட்டதை ஆயா ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். மாஸ்டர் தலையாட்டினார். பொது அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார் என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவர் வெட்ட உட்கார்ந்தார். கையைத் துடைத்து, துடைத்த கையை மறுபடி துடைத்து, வெல்வெட்டை விரித்தார். வெல்வெட் மற்ற துணி மாதிரி இல்லை. அதற்குப் பூனையைப் போல ரோமம் உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் பளபளக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் இருண்டுவிடும். ஒரே துணியில் ஒரு துண்டை மேல் நோக்கியும் இன்னொரு துண்டைக் கீழ் நோக்கியும் வெட்டிச் சேர்த்தால், இரண்டு வேறு துணி போலத் தெரியும். ஒரு முறை ஊசி ஏறினால் தடம் போகாது. அதனால் தையல்காரர்கள் வெல்வெட் முன்னால் கொஞ்சம் பயபக்தியோடுதான் உட்காருவார்கள்.

மாஸ்டர் முதல் பட்டையின் தோள் பக்கத்தைச் சாக்கட்டியால் நேராக வரையவில்லை. வளைத்து வரைந்தார். வளைவின் உள்ளே சின்னதாக மடித்துத் தைக்க ஒரு பிடிப்பும் வைத்தார், வலது பக்கம் துணி இறங்கி உட்காருகிற மாதிரி.

அந்த வளைவு யாருடையது என்று வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். நூலு கைக்குழந்தையாக இருந்தபோது அவளை வெட்டுமேசையில் கிடத்திவிட்டு, அவசரம் என்று குதித்த ஒருவருக்கு மாஸ்டர் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை புரண்டு விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது தோள் கொஞ்சம் இறங்கியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அவர் கடையில் வாங்கின சட்டை போட்டதில்லை. அவள் போடுகிற ஒவ்வொன்றுக்கும் வலது தோளைத் தனியாக வெட்டுவார். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷமாக ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. மனைவி அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. கத்தரிக்கோல்தான் பேசியது.

நூலு நனைந்துகொண்டு வந்தாள். பையைத் திரைக்குப் பின்னால் போட்டுவிட்டுத் தலையைத் துவட்டியபடியே மேசைக்கு வந்தவள், சாக்கட்டிக் கோட்டைப் பார்த்ததும் துண்டைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேரா வெட்டச் சொன்னாங்களேப்பா."

"நேரா இருக்கிற ஆளுக்கு நேரா வெட்டலாம்."

"அது யாருக்குன்னு இன்னும் சொல்லலையே."

"சொல்லணுமாக்கும்" என்றார் மாஸ்டர். "இந்தத் தெருவுல நாய்க்குட்டியைக் கேட்டாலும் சொல்லும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது கடைக்குள் ஈரக் குடையோடு ஒருவர் நுழைந்து, கொடுத்த பேன்ட் என்னாயிற்று என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு மாஸ்டர் திரும்பியபோது மகள் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. பரீட்சை முடிந்த அலுப்பு என்று அம்மா நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி வந்து மேசைக்கு எதிரே நின்று, ஒரு வேளை தான் முதலாவதாக வராமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மாஸ்டர் கத்தரியை மூடாமலே சிரித்தார். சூரியன் நாளைக்கு லீவு போட்டால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்வோம் என்றார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு மெல்லியது என்று அவர் பின்னால் பல நாள் யோசித்தார்.

வளைத்து வெட்டியதில் துணி குறைந்துவிட்டது. மீதித் துண்டில் இரண்டாவது பட்டை முழு நீளத்துக்கு வரவில்லை. ஓரத்தில் கிடந்த இன்னொரு துண்டைச் சேர்த்தால் வரும், ஆனால் அதைத் தலைகீழாகத்தான் வைக்க முடியும். மாஸ்டர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மேல் பாதி பளபளத்தது. கீழ் பாதி இருண்டு கிடந்தது.

மனைவி ஊசியைச் சேலையில் குத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரெண்டு நிறமாத் தெரியுதே. இன்னும் கொஞ்சம் துணி கேட்டு வாங்கலாமா?"

"கேட்டா, குடுத்தது என்னாச்சுன்னு கேப்பாங்க."

"இதையும் ஒரு பிள்ளைதானே போட்டுக்கப் போகுது."

"இது குணத்துக்குக் குடுக்கிறது" என்றார் மாஸ்டர். "மார்க் வாங்காத பிள்ளை எதையாவது கூப்பிட்டுக் குடுப்பாங்க. கிடைச்சதே போதும்னு போட்டுக்கிட்டுப் போகும். யாரு உத்துப் பார்க்கப் போறா?"

நூலு கீழே குனிந்து வெட்டித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிவப்புத் தூசி அவள் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. நிமிரவில்லை. பொறுக்கி முடித்ததும் எழுந்து போய்க் கை கழுவினாள்.

முதல் பட்டைக்கு மாஸ்டர் அந்த வாரமெல்லாம் உழைத்தார். வெல்வெட்டின் முகத்தில் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது என்பதால் கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டிக் காட்டிச் சுருக்கம் எடுத்தார். மனைவி ஓரம் முழுவதையும் கையால் தைத்தாள். மழை ஈரத்தில் துணி ஊதிவிடுமோ என்று இரண்டு பேரும் அதை மாறி மாறி அடுப்புப் பக்கம் கொண்டு போய்க் காயவைத்தார்கள். இரண்டாவது பட்டையை மாஸ்டர் ஒரே மத்தியானத்தில் முடித்துச் சுருட்டி வைத்தார்.

விழாவன்று கடைக்கு லீவு. சைக்கிள் கடைக்காரரும் கடையை மூடிவிட்டு, நம்ம பொண்ணு மேடை ஏறுறதை நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்று கூடவே வந்தார். பள்ளி மண்டபத்தில் ஈரச் செருப்பு வாடை. மின்விசிறிகள் குடைகளிலிருந்து சொட்டிய தண்ணீரை உலர்த்திக்கொண்டிருந்தன. மாஸ்டர் தான் தைத்த சட்டையையே போட்டுக்கொண்டு, மேடை நன்றாகத் தெரிகிற வரிசையில் உட்கார்ந்தார். மேசை மேல் தட்டில் இரண்டு பட்டைகளையும் மடித்து வைத்திருந்தார்கள். எது எது என்று அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

தலைமையாசிரியை முதலில் சாதனைப் பட்டைக்கு உரியவரைக் கூப்பிட்டார். அது ஐஸ் கம்பெனி லாரிக்காரர் மகன்.

மண்டபம் கைதட்டியது. மாஸ்டருக்கு முதலில் பெயரே உறைக்கவில்லை. அந்தப் பையன் எழுந்து நடந்ததைப் பார்த்தார். கதவை அடைக்கிற மாதிரி தோள். பட்டையை அவன் தலை வழியாகப் போட்டார்கள். அவருடைய கண் எப்போதும் போல முதலில் துணிக்குத்தான் போனது. இறங்கின தோளுக்கு வைத்த பிடிப்பு, அகலத் தோளில் ஏறிக் கழுத்தோரம் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டது. கீழே இடுப்பு வரை வராமல் வயிற்றிலேயே நின்றது. யாரோ பின்னால் சிரித்தார்கள். பையன் அதை இழுத்து விட்டுக்கொண்டான். விட்டதும் அது மறுபடி எழும்பியது. தையல் சரியில்லை என்று மாஸ்டர் நினைத்தார். அதற்குப் பிறகுதான் மற்றது அவருக்குப் புரிந்தது.

"என்ன மாஸ்டர் இது" என்றார் சைக்கிள் கடைக்காரர் மெல்ல.

தலைமையாசிரியை மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். கடைசித் தேர்வில் முதலில் வேறொரு மாணவியின் மார்க்தான் அதிகமாக இருந்தது என்றார். திருத்திய தாளைப் பார்க்கக் கொடுத்தபோது, ஒரு பக்கத்தைக் கூட்டும்போது தவறுதலாக அவளுக்குக் கூடுதலாகப் போட்டிருக்கிறோம் என்பதை அவளே கண்டுபிடித்து, தாளை எடுத்துக்கொண்டு வந்து சொன்னாள் என்றார். சொன்னதால் முதலிடம் போய்விடும் என்று தெரிந்தும் சொன்னாள். எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. இந்த நற்பண்புப் பட்டை அவளுக்கு என்றார்.

நூலு மேடை ஏறினாள்.

கைதட்டல் முன்னதை விடப் பெரியது. பின்வரிசையில் சிலர் எழுந்தே நின்றார்கள். சைக்கிள் கடைக்காரர் உள்ளங்கை சிவக்கத் தட்டினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடை வெளிச்சத்தில் பட்டை பாதி பளபளத்தது, பாதி இருண்டது. நேராக வெட்டிய துணி இறங்கின தோளில் நிற்குமா? வழுக்கியது. அவள் ஏற்றி விட்டாள். மறுபடி வழுக்கியது. கடைசியில் இடது கையை வலது தோளில் வைத்து அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷம் அவர் துணிக்குள் ஒளித்து வைத்திருந்த தோள், அத்தனை பேருக்கும் எதிரே, அவர் தைத்த துணியாலேயே தெரிந்தது.

அவள் கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கைகளைப் பார்த்தாள். அவை முழங்காலின் மேல் இருந்தன. தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது மண்டபம் அடங்கியிருந்தது.

திரும்பி வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் கடைக்காரரும் மாஸ்டரின் மனைவியும் முன்னால் ஆளுக்கொரு குடையில் போனார்கள். அப்பாவும் மகளும் பின்னால் ஒரு குடையில். அவள் பட்டையை நனையாமல் மடித்து நெஞ்சோடு வைத்திருந்தாள். மாஸ்டர் பள்ளி மதிலைத் தாண்டும் வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"அவங்க தப்பாக் கூட்டினா உனக்கென்ன? உன்னை யாராவது கேட்டாங்களா?"

"கேட்கலைப்பா."

"அப்புறம் எதுக்கு நீயாப் போய்ச் சொன்ன?"

"கேட்டிருந்தா சொல்றதுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்காது. யாரும் கேட்கலைங்கிறதுதான் தூங்க விடலை."

"பெரிய நல்லவ" என்றார் மாஸ்டர். "வீட்ல ஒருத்தன் வாரமெல்லாம் ஆவியில நின்னு தைச்சான். அவன் கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலை. ஊருக்கு முன்னாடி என்னை முட்டாளாக்கிட்ட."

"சொல்ல வந்தேன்பா. ரெண்டு தடவை வந்தேன்."

அவர் குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார், கோபத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவள் குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

"நீங்க அன்னிக்குச் சொன்ன பிள்ளை நான்தான்பா. கிடைச்சதே போதும்னு போட்டுக்கிட்டேன்."

வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மனைவி எப்போதும் போல டீ போட்டுக் கொடுத்தாள், ஆனால் டம்ளரை அவர் கையில் கொடுக்காமல் மிஷின் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். மாஸ்டர் கால் குட்டை பண்ண வேண்டிய பேன்ட்டுகளை எல்லாம் அன்றைக்கே எடுத்துப் பண்ணினார். ஒன்றில் இரண்டு காலையும் வேறு வேறு உயரத்தில் மடித்துத் தைத்துவிட்டு, பிரித்துப் பண்ணினார்.

மறுநாள் காலையில் லாரிக்காரர் வீட்டம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பையன் வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் பையிலிருந்து பட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. இன்னிக்கு ஸ்டூடியோவுல போட்டோ எடுக்கப் போறோம். இது கழுத்துல தூக்குது. கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா?"

"முடியும்மா" என்றார் மாஸ்டர்.

பையன் வாசலிலிருந்தே, நேற்று சாயங்காலமே நூலுவிடம் இதைக் கொடுத்துவிடப் பார்த்ததாகவும், அவள் வாங்க மறுத்துவிட்டதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலைத் தேடினார். மழை மூட்டத்தில் முன்னறை மங்கலாக இருந்தது. சிவப்புத் துணியில் சிவப்பு நூல், அதுவும் அவரே ஆசையாகப் போட்ட பொடித் தையல், கண்ணுக்குப் பிடிபடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. திரை விலகியது. நூலு வந்து எதிரே நின்று, பட்டையின் மறு முனையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். சின்ன வயதிலிருந்து அவள் செய்கிற வேலைதான் அது.

ஊசி முனையால் அவர் ஒவ்வொரு தையலாகத் தூக்கி அறுத்தார். அவள் தோளுக்காக வைத்த பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தட்டையானது. ஓர் இடத்தில் அவர் கை வேகப்பட்டது.

"மெல்லப் பிரிங்கப்பா" என்றாள் அவள். "அவனோடது."

அவர் மெல்லப் பிரித்தார். பிறகு ஓரத்தில் மடித்து விட்டிருந்த துணியையும் இறக்கி, கெண்டியை ஏற்றி ஆவியில் காட்டி, பையனைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தார்கள். இப்போது படிந்து உட்கார்ந்தது. தோளில் மட்டும் ஊசி போன வழி எறும்பு ஊர்ந்தது போலத் தெரிந்தது.

"இந்தத் தடம் போகுமாண்ணே?"

"வெல்வெட்டுல போகாதும்மா."

"பரவாயில்லை. போட்டோவுல தெரியாது" என்று சொல்லி அவள் காசு எடுத்தாள். மாஸ்டர் கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

அவர்கள் போன பிறகும் நூலு மேசையருகிலேயே இருந்தாள். பலகையில் கிடந்த சிவப்பு நூல் துணுக்குகளை விரலால் ஒரே இடத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். நேற்று கைதட்டாததைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது வேறு.

"உன்னோடதை எடுத்துட்டு வா. நான் வேற துணி வாங்கி, நல்லா, உன் அளவுக்கு..."

"வேண்டாம்பா. அது அப்படியே இருக்கட்டும்."

"நழுவுதேம்மா."

"பிடிச்சுக்கிறேன்" என்றாள் அவள்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அவள் மேல்படிப்புக்கு வெளியூர் போய்விட்டாள். போகும்போது அப்பா தைத்த சட்டைகளைத்தான் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாள், அதில் குறையில்லை. விழாவன்று எடுத்த படத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தார்கள். அதை மனைவி சட்டம் போட்டு, சான்றிதழ்களுக்கு நடுவில், மிஷினில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராகப் படுகிற இடத்தில் மாட்டினாள். மாஸ்டர் வேறிடத்தில் மாட்டச் சொல்லவில்லை.

அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது பார்க்க வேறொன்றும் இல்லாமல் அதைப் பார்ப்பார்கள். பொண்ணு ஏன் தோளில் கையை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்பார்கள். பட்டை நழுவியது என்பார் மாஸ்டர். சிலர் அதோடு விட்டுவிடுவார்கள். வாய் சும்மா இருக்காத சிலர், ஒரு டெய்லர் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ரெண்டு நிறத்தில், தோளில் நிற்காமல் யார் மாஸ்டர் தைத்தது என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

"நான்தான்" என்பார் மாஸ்டர். "கையை இறக்குங்க. தோள் எடுக்கணும்."